வீக்கம் வடிவது எப்படி?

கவுட் என்று மருத்துவர்கள் சொல்லும் மூட்டுவாதம் பெரும்பாலும் இரவில்தான் தாக்குகிறது. படுக்கப் போகும்போது ஒன்றும் இல்லாதவர் விடிவதற்குள் கால் பெருவிரலின் அடிமூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூட்டு சிவந்து பளபளக்கும், தொட்டால் சுடும், போர்வையின் நுனி பட்டாலே உயிர் போகும். முதல் நாள் முழுக்க ஏறிய வலி ஓரிரு நாள் உச்சத்தில் நிற்கும். மருந்தே எடுத்துக்கொள்ளாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் அது அடங்கிவிடும். வீங்கிய இடத்தில் தோல் செதில் செதிலாக உரியும். பிறகு அவர் பழையபடி செருப்பு மாட்டிக்கொண்டு நடமாடுவார். இந்த வேதனைக்குக் காரணம் மூட்டுக்குள் படிந்திருக்கும் ஊசி போன்ற யூரேட் படிகங்கள் என்பதை 1961-இல் அமெரிக்க மருத்துவர்கள் மக்கார்ட்டியும் ஹாலண்டரும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடிப் பல காலம் நின்றால் அது படிகமாக உறைகிறது. ஆனால் யோசிக்க வைக்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. தாக்குதல் ஓய்ந்து, வலி சுவடின்றி மறைந்த பிறகும் அதே மூட்டில் ஊசி செலுத்தித் திரவத்தை எடுத்துப் பார்த்தால் பலருக்கும் படிகங்கள் அங்கேயே கிடக்கின்றன. வீக்கத்தை மூட்டிவிட்ட பொருள் போகவில்லை, வீக்கம் மட்டும் போய்விட்டது.

அப்படியானால் அதை நிறுத்தியது எது? உடலில் எங்காவது அழற்சி உண்டானால் காரணம் விலகியதும் அது தானே தணியும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். மருத்துவப் பாடநூல்களும் நெடுங்காலம் அப்படித்தான் எழுதின. கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அழற்சியைத் தொடங்குவது எவ்வளவு வேலையோ, முடிப்பதும் அவ்வளவு வேலை. அதற்கென்று தனிச் செல்கள், தனி வேதிச் செய்திகள், தனிக் கால ஒழுங்கு எல்லாம் உடலில் உண்டு. தேரை வடம் பிடித்துத் தெருவில் இழுத்துவிடக் கூட்டம் போதும், அதை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கத்தான் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் வேண்டும். நாள்பட்ட அழற்சி நோய்கள் பலவற்றை, தொடக்கம் மிகையானதால் வந்தவை என்பதைவிட முடிவு கைகூடாததால் நீடிப்பவை என்று பார்ப்பதே சரி. இப்படிப் பார்த்தால் மருந்து கொடுக்கும் நேரம், வலிமாத்திரையின் இடம், ரத்தப் பரிசோதனை அறிக்கையின் பொருள் எல்லாவற்றையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் தொடக்கத்தைப் பார்த்துவிடலாம். முதலாம் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ், சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார். உறுப்பு செயலிழப்பது என்ற ஐந்தாவது பின்னால் சேர்ந்தது. இந்த நான்கும் ரத்தக்குழாயில் பிறப்பவை என்பதை 1867-இல் ஜெர்மானியரான யூலியஸ் கோன்ஹைம் கண்ணால் பார்த்தார். உயிருள்ள தவளையின் மெல்லிய குடல்சவ்வை விரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, குழாய்கள் விரிவதும், ரத்த ஓட்டம் மந்தமாவதும், வெள்ளணுக்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதும், பிறகு சுவரின் இடுக்கு வழியே உடலை நெளித்து வெளியேறுவதும் அவருக்குத் தெரிந்தன. அந்த அணுக்கள் வெளியேறி என்ன செய்கின்றன என்பதை 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இருந்த எலி மெச்னிகோஃப் கண்டார். கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளைச் செல்கள் விழுங்கும் என்ற கருத்து அங்கேதான் உறுதிப்பட்டது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று நமக்குத் தெரிவது இதைவிட நுணுக்கமானது. பெருவிரல் மூட்டின் உட்படலத்தில் எப்போதும் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல், ஒரு யூரேட் படிகத்தை விழுங்குகிறது. அதைச் செரிக்க முடியவில்லை. செல்லுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம் வேறு சில புரதங்களோடு கூடி ஒரு பொறியமைப்பாகத் திரள்கிறது. அந்தப் பொறி, இன்டர்லூகின்-1 என்ற செய்திப் புரதத்தைப் பக்குவப்படுத்தி வெளியே விடுகிறது. யூரேட் படிகம் இந்தப் பொறியைத்தான் இயக்குகிறது என்பதை 2006-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் யூர்க் சோப்பின் குழு காட்டியது. செய்தி கிடைத்ததும் அருகிலுள்ள ரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. பிராஸ்டகிளாண்டின் என்ற வேதிச் செய்திகள் குழாயை விரிக்கின்றன, அதனால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. சுவரின் இடுக்குகள் அகன்று திரவம் கசிகிறது, மூட்டு வீங்குகிறது. நரம்பு நுனிகள் கூர்மையாகி, வழக்கமாக உணராத தொடுதலைக்கூட வலியாக அறிவிக்கின்றன. பிறகு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து இறங்குகின்றன. நலமான மூட்டுத் திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200-க்கும் குறைவான செல்கள்தான் இருக்கும். கவுட் தாக்கும்போது அது பல ஆயிரமாக, சிலருக்கு 50,000-ஐயும் தாண்டி ஏறுகிறது. எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது என்பதால் ஆட்பலத்துக்குக் குறைவே இல்லை.

இந்த நியூட்ரோஃபில்தான் அழற்சியின் இருமுகத்தையும் ஒரே உடலில் சுமக்கிறது. அதன் உள்ளே சிறு பொட்டலங்களில் புரதத்தை அரிக்கும் நொதிகள் அடைந்திருக்கின்றன. கிருமியைக் கொல்ல ஆக்சிஜனிலிருந்து கடுமையான வேதிப்பொருள்களை அது தயாரிக்கிறது. இவற்றுக்குக் கிருமியின் சுவர் எது, நம் குருத்தெலும்பு எது என்ற பாகுபாடு கிடையாது. செல் தன் போக்கில் வெடித்துச் சிதறினால் அந்த நொதிகள் சுற்றியுள்ள திசுவை அரித்து, அந்தச் சேதமே இன்னொரு அழைப்பாகி, மேலும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கும். தர்க்கப்படி பார்த்தால் எந்தச் சிறு காயமும் ஆறவே கூடாது. ஆனாலும் நாள்தோறும் ஆறுகிறது. இதை வியப்பாகக் கருதாமல் விட்டதுதான் பழைய மருத்துவத்தின் குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவின் முதல் படியை 1989-இல் லண்டனில் ஜான் சாவிலும் உடனிருந்தவர்களும் விளக்கினார்கள். வயதான நியூட்ரோஃபில் வெடிப்பதில்லை. நொதிப் பொட்டலங்களை உள்ளேயே பூட்டிவைத்தபடி சுருங்கித் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. அதன் மேற்பரப்பில் வெளிப்படும் அடையாளங்களைப் பார்த்து மேக்ரோஃபேஜ் அதை முழுதாக விழுங்கிவிடுகிறது. 1998-இல் அமெரிக்காவில் டென்வர் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள். இப்படி மாண்ட செல்லை விழுங்கிய மேக்ரோஃபேஜ் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. அதுவரை ஆள் சேர்க்கும் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த செல், அவற்றை நிறுத்திவிட்டு, டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற தணிக்கும், திசுவைச் செப்பனிடும் செய்திகளை வெளியிடத் தொடங்குகிறது. பிணத்தை அகற்றும் செயலே ஓய்வுக்கான உத்தரவாகிறது. கவுட் மூட்டில் இன்னொரு வழியும் உண்டு. ஏராளமான நியூட்ரோஃபில்கள் ஓரிடத்தில் திரளும்போது அவற்றில் பல, தம் டி.என்.ஏ. இழைகளை வலைபோல் வெளியே விரிக்கின்றன. வலைகள் ஒன்றோடொன்று பின்னிப் படிகங்களை உள்ளே கட்டிவிடுவதோடு, ஒட்டியிருக்கும் நொதிகளால் செய்திப் புரதங்களையும் துண்டாடிவிடுகின்றன. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரக் குழு 2014-இல் வெளியிட்ட இந்த ஆய்வில், அத்தகைய வலையை விரிக்க இயலாத எலிகளுக்குப் படிகம் உண்டாக்கிய வீக்கம் அடங்காமல் நீடித்தது. படிகம் அங்கேயே கிடந்தும் மூட்டு அமைதியாவது எப்படி என்பதற்கு இதுவரை கிடைத்த விடைகளில் இது முக்கியமானது.

இரண்டாவது படி கொழுப்பிலிருந்து பிறக்கும் செய்திகள். செல்லின் சவ்வில் இருக்கும் அரகிடோனிக் அமிலத்திலிருந்துதான் பிராஸ்டகிளாண்டின்கள் பிறக்கின்றன. ஆஸ்பிரின் அந்தத் தயாரிப்பை முடக்குகிறது என்று 1971-இல் காட்டிய ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரோடு பரிசு பெற்ற சுவீடன் நாட்டு சாமுவேல்சனின் ஆய்வகத்தில் 1984-இல் சார்ல்ஸ் செர்ஹான் அதே அமிலத்திலிருந்து பிறக்கும் லிப்பாக்சின் என்ற வேறொரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது நியூட்ரோஃபில் வருகையைத் தடுத்தது, மேக்ரோஃபேஜின் துப்புரவு வேலையை ஊக்கியது. பிறகு பாஸ்டனில் செர்ஹான், மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பிலிருந்து இதே வேலையைச் செய்யும் ரிசால்வின் போன்ற பொருள்களையும் கண்டார். 2001-இல் அவருடைய குழு காட்டிய ஓர் உண்மைதான் இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் ஈர்ப்பது. வீக்கத்தைத் தொடங்கிவைக்கும் பிராஸ்டகிளாண்டினே, சில மணி நேரத்துக்குப் பிறகு நியூட்ரோஃபிலுக்குள் லிப்பாக்சினைத் தயாரிக்கும் நொதியை எழுப்பிவிடுகிறது. தொடக்கத்திலேயே முடிவுக்கான ஆணையும் எழுதப்பட்டுவிடுகிறது.

இது உண்மையானால், தொடக்கத்தை முரட்டுத்தனமாக நசுக்கினால் முடிவும் கெடவேண்டும் அல்லவா? அப்படியே நடப்பதைச் சோதனை காட்டியது. 1999-இல் லண்டனில் டெரெக் கில்ராயின் குழு, எலிகளின் நெஞ்சுக்கூட்டில் கடற்பாசிச் சத்து ஒன்றைச் செலுத்தி அழற்சியை உண்டாக்கியது. பிராஸ்டகிளாண்டின் தயாரிக்கும் காக்ஸ்-2 நொதி இரண்டாவது மணி நேரத்தில் ஏறியது, இது எதிர்பார்த்ததுதான். ஆனால் வீக்கம் வடிந்துகொண்டிருந்த 48-ஆவது மணி நேரத்தில் அது மறுபடியும், முன்னைவிட அதிகமாக ஏறியது. முதல் ஏற்றத்தின்போது நொதியைத் தடுத்தால் அழற்சி குறைந்தது. இரண்டாவது ஏற்றத்தின்போது தடுத்தால் அழற்சி மோசமாயிற்று. மருந்து ஒன்றுதான், கொடுத்த நேரம் வேறு, விளைவோ நேர் எதிர்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எலியை வைத்துக்கொண்டு மனிதருக்கு வலிமாத்திரை கூடாது என்பதா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. கவுட் தாக்கிய சில மணி நேரத்துக்குள் அழற்சிக்கு எதிரான மருந்தைத் தொடங்கினால் பலன் தெளிவாகத் தெரிகிறது. தாங்க முடியாத வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. ஆயினும் மனிதரிடமிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கிறது. 2022-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு, திடீர் முதுகுவலி வந்த 98 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்தது. வலி தீர்ந்தவர்களின் ரத்தத்தில் தொடக்க நாள்களில் நியூட்ரோஃபில் சார்ந்த மரபணுக்கள் மும்முரமாக இயங்கியிருந்தன. வலி தீராதவர்களிடம் அந்த எழுச்சி இல்லை. எலிகளில் ஸ்டீராய்டோ வழக்கமான அழற்சி மாத்திரையோ தொடக்கத்தில் கொடுத்தால் வலி தற்காலிகமாகக் குறைந்து, மொத்தத்தில் பல மடங்கு நாள் நீண்டது. பிரிட்டனின் பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பிலும் அழற்சி மாத்திரை எடுத்தவர்களுக்கு முதுகுவலி நீடிக்கும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதிக வலி உள்ளவர்தானே அதிக மாத்திரை எடுப்பார் என்று கேட்பது நியாயம். தரவுத் தொகுப்பு மட்டும் அந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்காது. இதை வைத்து யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தொடக்க நாள்களின் அழற்சி வெறும் தொல்லை என்ற முடிவைக் கேள்விக்கு உட்படுத்த இது போதும்.

வலிக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு, அதைத் தமிழ்நாட்டில் நடந்த வேலை உலகுக்குக் காட்டியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைத்த பால் பிராண்ட், விரல்கள் குறைவதற்குக் காரணம் சதையை நோய் தின்பதல்ல, வலி தெரியாமல் போவதுதான் என்று நிறுவினார். நரம்பு செத்த பாதத்திலும் காயம் பட்டால் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது. வலி இல்லாததால் நோயாளி அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே இருக்கிறார். அழற்சி தொடங்குகிறது, ஆனால் முடிவதற்கு வேண்டிய ஓய்வு கிடைப்பதில்லை. காயம் புண்ணாகி எலும்பு வரை இறங்குகிறது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதைதான் இன்று நடந்துகொண்டிருக்கிறது.

நோய் நீடிப்பது முடிவு கைகூடாததால் என்று சொன்னால், கிருமியும் புகையும் கொழுப்பும் காரணம் இல்லையா என்று கேட்பார்கள். காரணம்தான். காரணத்தை அகற்றாமல் எந்த அழற்சியையும் நிரந்தரமாக வெல்ல முடியாது. கவுட்டுக்கும் நிரந்தர வழி, ரத்த யூரிக் அமிலத்தை மாதக்கணக்கில் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்துப் படிகங்களைக் கரையச் செய்வதுதான். ஆனால் காரணம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்கும் தொழுநோயே சான்று. கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபின் பாக்டீரியா செத்துக்கொண்டிருக்கும்போதே, கணிசமான நோயாளிகளுக்குத் திடீரென்று படைகள் சிவந்து தடிக்கும். முழங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு கயிறு போல் வீங்கும். விறைப்பான உறைக்குள் வீங்கிய நரம்பு நசுங்கி, சில நாளிலேயே விரல்கள் மடங்கிப்போகலாம், பாதம் தொங்கிப்போகலாம். சிகிச்சை முடிந்து கிருமிகள் செத்த பிறகு, மாதங்கள் கழித்தும் இது வருகிறது. கிருமியின் எச்சத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை அடங்காததால் வருவது இந்தச் சேதம். அப்போது தொழுநோய் மருந்தை நிறுத்தாமல், கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்து நரம்பைக் காப்பாற்றுகிறார்கள். செங்கல்பட்டிலும் கரிகிரியிலும் தொழுநோயோடு வாழ்நாளைக் கழித்த மருத்துவர்களுக்கு இது அன்றாடப் பாடம்.

இதயத்துக்கு வருவோம். தமனிச் சுவரில் படியும் கொழுப்பைக் குழாயில் படியும் அழுக்குப் போல நினைப்பது பழைய பழக்கம். உண்மையில் அங்கும் மேக்ரோஃபேஜ்கள் கொலஸ்ட்ராலை விழுங்கி, நுரை போல் பருத்து, மாள்கின்றன. தொடக்கத்தில் மாண்டவற்றை மற்றவை துப்புரவாக அகற்றுகின்றன. பல ஆண்டுகளில் அந்தத் துப்புரவு பின்தங்கிப்போக, அகற்றப்படாத செல்கள் அழுகி நடுவில் கூழாகத் தேங்குகின்றன. மேலே மூடியிருக்கும் மெல்லிய திசு கிழியும்போது மாரடைப்பு வருகிறது. 2010-இல் இன்னொரு பொருத்தம் தெரிந்தது. கொலஸ்ட்ரால் படிகமும் யூரேட் படிகத்தைப் போலவே அதே என்.எல்.ஆர்.பி.3 பொறியைத்தான் இயக்குகிறது. பெருவிரலில் பத்து நாளில் முடிந்துபோகும் செயல் இங்கே முடிவதில்லை. இது வெறும் கருத்தா என்பதை 2017-இல் பால் ரிட்கரின் குழு சோதித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு, இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனாகினுமாப் அல்லது போலி ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரால் அளவு துளியும் மாறவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே, கடுந்தொற்றால் இறந்தவர்கள் மருந்து பெற்ற பக்கத்தில் அதிகம். தொடக்கத்தைத் தடுத்ததற்கு உடல் கேட்ட விலை அது. டி.என்.எஃப். என்ற வேறொரு செய்திப் புரதத்தைத் தடுக்க, முடக்குவாதத்துக்கு வரப்பிரசாதமாக வந்த மருந்திலும் இதே விலை தெரிந்தது. 2001-இல், அந்த மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளர்ந்ததாக அறிக்கை வந்தது. காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பிய செல் அரண் டி.என்.எஃப். இல்லாமல் நிற்காது. நம் நாட்டில் இந்த மருந்தைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

அவ்வளவு விலை கேட்காத ஒரு பழைய மருந்து உண்டு, அதன் வேர் நம் மண்ணிலும் இருக்கிறது. கவுட்டுக்கு நூற்றாண்டுகளாகப் பயன்படும் கோல்ச்சிசின், ஐரோப்பாவின் கோல்ச்சிக்கம் செடியிலும் நம் செங்காந்தளிலும் கிடைக்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கம்பிப் பந்தல் போட்டு இதை வளர்த்து, விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அளவு மீறினால் கொல்லும் நஞ்சு அது. சரியான அளவில், செல்லின் உட்சட்டத்தை அமைக்கும் நுண்குழல்களைக் குலைத்து, நியூட்ரோஃபிலின் நகர்வை மந்தப்படுத்துகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, தாக்குதல் தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் கொடுத்தால் 1.8 மில்லிகிராமே போதும், பழைய வழக்கப்படி 4.8 மில்லிகிராம் கொடுத்து வயிற்றுப்போக்கில் நோயாளியைத் தவிக்கவிட வேண்டியதில்லை என்று காட்டியது. நாள்பட்ட இதயநோய் உள்ள 5,522 பேரிடம் 2020-இல் செய்த ஆய்வில் தினம் அரை மில்லிகிராம் கோல்ச்சிசின் இதய நிகழ்வுகளை 31 சதவீதம் குறைத்தது. 2023-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஆனால் 2024-இல், மாரடைப்பு வந்தவுடன் மருந்தைத் தொடங்கிய 7,062 பேரின் பெரிய ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. கொடுத்த நேரம் தவறு, மாரடைப்புக்குப் பிந்தைய உடனடி அழற்சி இதயத்தைச் செப்பனிடத் தேவைப்படுகிறது என்று இதை என் வாதத்துக்குச் சாதகமாகத் திருப்ப முடியும். ஆனால் 2019-இல் வெளியான வேறோர் ஆய்வில், மாரடைப்பு வந்த முதல் மூன்று நாளுக்குள் தொடங்கியவர்களிடம்தான் பயன் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே அந்த விளக்கம் இப்போதைக்கு நிற்காது.

நேரத்தின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சான்று கோவிட் காலத்தில் வந்தது. 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்துப் பார்த்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு நன்மை கிடைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாத நிலையில் கொடுத்தபோது நன்மை இல்லை. இறப்பு 14 சதவீதத்துக்கு எதிராக 17.8 சதவீதம் என்று தீமையின் பக்கமே சாய்ந்திருந்தது, புள்ளியியல்படி அது உறுதியாகாவிட்டாலும். முதல் வாரத்தில் வைரஸை அடக்கிக்கொண்டிருந்த அதே அழற்சிதான் இரண்டாம் வாரத்தில் முடியாமல் நுரையீரலை நிரப்பியது. மூச்சு நன்றாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாக ஸ்டீராய்டு வாங்கி விழுங்கிய வழக்கம் 2021 இரண்டாம் அலையின்போது நம் ஊர்களில் பரவியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, இன்று பரவலாகக் காதில் விழும் ஒரு கருத்தைப் பார்க்க வேண்டும். அழற்சிதான் எல்லா நோய்க்கும் மூலம், அதைக் குறைக்கும் உணவும் மாத்திரையும் உண்டு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் சோதனைக் குழாயில் பல வித்தை காட்டினாலும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே ஏறுகிறது. ரிசால்வின் ஒமேகா-3-யிலிருந்து பிறப்பது உண்மைதான், அதனால் மீன் எண்ணெய் மாத்திரை எல்லோரையும் காக்கும் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. 25,871 பேரை வைத்து 2018-இல் வெளியான வைட்டல் ஆய்வில் பெரிய இதய நிகழ்வுகளோ புற்றுநோயோ குறிப்பிடும்படி குறையவில்லை. மூலப்பொருளைக் கொட்டினால் உற்பத்தி பெருகும் என்பது ஆலைக்கே எப்போதும் பொருந்தாதபோது, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் மணி நேரத்தில் மட்டும் நொதிகள் விழித்தெழும் உடலுக்குப் பொருந்துமா? புகையை விடுவது, பல் ஈறைப் பேணுவது, இடுப்புச் சதையைக் குறைப்பது, நடப்பது ஆகியவற்றுக்கு இந்தக் கடைச் சரக்குகளைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. அவை காரணத்தைத் தொடுகின்றன.

உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இப்போது சேர்ந்துவிட்ட சி.ஆர்.பி. எண்ணையும் அதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதத்தை, இன்டர்லூகின்-6 செய்தி எட்டியதும் கல்லீரல் தயாரிக்கிறது. தயாரிப்பு நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. எங்கோ அழற்சி இருக்கிறது என்று அது சொல்லும். எந்த உறுப்பில் என்றோ, ஏறுகிறதா முடிகிறதா என்றோ ஒருமுறை எடுத்த எண் சொல்லாது. மருத்துவமனையில் ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்த நாள்களில் எடுத்துப் பார்த்தால்தான் போக்குத் தெரியும். முடிவின் செய்திகளான லிப்பாக்சினும் ரிசால்வினும் ரத்தத்தில் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நேரமே நிற்பவை. சாதாரண ஆய்வுக்கூடத்தில் அவற்றை அளக்கும் வசதி இல்லை. அழற்சியை முடித்து வைப்பதற்கென்றே வடிவமைத்த மருந்து எதுவும் பரவலான புழக்கத்துக்கு வரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று அளக்க முடியாதபோது, எந்த மணி நேரத்தில் மருந்து கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? இனி வரும் சோதனைகள் மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பது போலவே தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் மாற்றிப் பார்க்கவேண்டும். கில்ராய் எலிகளிடம் இரண்டாவது மணி நேரத்திலும் 48-ஆவது மணி நேரத்திலும் தனித்தனியாகச் செய்து பார்த்ததை மனிதர்களிடம் இன்னும் எந்தப் பெரிய ஆய்வும் முறையாகச் செய்துவிடவில்லை.